கட்டுடைப்பா, கட்டவிழ்ப்பா?

ஒரு பிரதி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வாசிப்பு முறையான டீகன்ஸ்ட்ரக்ஷன் என்பதைத் தமிழில் பெரும்பாலும் 'கட்டுடைப்பு' என்கிறோம். இப்போதெல்லாம் ஒரு நாவலை யாராவது கொஞ்சம் காட்டமாக விமர்சித்தாலே 'கட்டுடைத்துவிட்டார்' என்று எழுதிவிடுகிறார்கள். திட்டுவதற்குக் கௌரவமான ஒரு பெயர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தச் சொல்லைத் தத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழாக் தெரிதா. 1967இல் வெளிவந்த அவருடைய எழுத்தியல் பற்றிய நூலோடு அது பரவலானது. ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெக்கர் பயன்படுத்திய ஒரு சொல்லுக்குப் பிரெஞ்சில் இணை தேடியபோது, நேரடியான 'அழித்தல்' என்ற சொல் தெரிதாவுக்குப் பிடிக்கவில்லை. அதில் நாசவேலை வாடை அதிகம். 1983இல் ஜப்பானிய நண்பர் ஒருவருக்கு, இந்தச் சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது என்பதைப் பற்றியே எழுதிய கடிதத்தில் இந்தக் கதையை அவரே சொல்கிறார். 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லித்ரே என்ற பிரெஞ்சு அகராதியைப் புரட்டியபோது, அதிகம் புழங்காத அந்தச் சொல் அங்கே இருந்தது.

அகராதி கொடுத்த பொருள்கள்தான் சுவாரசியம். ஓர் இயந்திரத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோவதற்காகப் பாகம் பாகமாகக் கழற்றுவது ஒன்று. செய்யுளின் சந்தத்தை எடுத்துவிட்டு உரைநடைபோல ஆக்குவது இன்னொன்று. இரண்டிலுமே எதுவும் உடைவதில்லை. கழற்றிய இயந்திரத்தைத் திரும்பப் பூட்டலாம். கழற்றும்போதுதான் எந்தத் திருகாணி எதைத் தாங்கி நின்றது என்பதும் தெரியவரும்.

சரி, தமிழுக்கு வருவோம். 'யாப்பு' என்றாலே கட்டுதல்தான். நாம் வீடு கட்டுகிறோம், பூக் கட்டுகிறோம், பாட்டுக் கட்டுகிறோம். பொய்யான கதை 'கட்டுக்கதை' ஆகிறது. இத்தனையும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கும்போது, அந்தக் கட்டை ஏன் உடைக்க வேண்டும்? அவிழ்த்தால் போதுமே. உடைத்த பானை ஓடாகிவிடும், அவிழ்த்த கயிறு கயிறாகவே இருக்கும், முடிச்சு எங்கே விழுந்திருந்தது என்ற மடிப்போடு. அதனால் என் ஓட்டு 'கட்டவிழ்ப்பு'க்கு. 'தகர்ப்பமைப்பு' என்றும் சிலர் எழுதினார்கள். தகர்ப்பு, அமைப்பு இரண்டையும் ஒரே மூட்டையில் போட்ட சொல், வாயில்தான் நுழையவில்லை.

இது புனைகதை வாசிப்பில் எப்படி வேலை செய்கிறது? தெரிதா அவிழ்த்த முக்கியமான முடிச்சு பேச்சு, எழுத்து என்ற இணை. பேச்சுதான் உயிருள்ளது, எழுத்து அதற்கு வெறும் துணை என்று 18ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ரூசோ போன்றவர்கள் எழுதினார்கள். ஆனால் அந்தத் துணை இல்லாமல் பேச்சு முழுமையாகவில்லை என்பதை அவர்களுடைய வரிகளே காட்டிக்கொடுக்கின்றன என்பது தெரிதாவின் வாதம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, தென்னாப்பிரிக்காவில் பிறந்த எழுத்தாளர் ஜே. எம். கூட்ஸி 1986இல் வெளியிட்ட 'ஃபோ' நாவலைப் படியுங்கள். 1719இல் வந்த ராபின்சன் குரூசோ கதையின் தீவுக்குள் சூசன் பார்ட்டன் என்ற பெண் வந்து சேர்கிறாள். அங்கே குரூசோவின் வேலையாளான ஃபிரைடேக்கு நாக்கு இல்லை. அடிமை வியாபாரிகள் அறுத்ததாக எஜமானன் சொல்கிறான், அவனே அறுத்திருப்பானோ என்று சூசனுக்குச் சந்தேகம். பிறகு இங்கிலாந்தில் ஃபிரைடேக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க முயல்கிறார்கள். அவன் சிலேட்டில் கால் முளைத்த கண்களை வரைகிறான். அப்புறம் ஒருநாள், சூசன் தன் கதையை எழுதச் சொல்லி நாடிய ஃபோ என்ற எழுத்தாளரின் மேசையில் உட்கார்ந்து, பக்கம் முழுக்க வட்ட வட்டமாக ஒரே எழுத்தை எழுதுகிறான்.

பேச்சு இல்லாதவனின் எழுத்து எதற்குத் துணை? நாவல் பதில் சொல்வதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. அவனுக்காகப் பேசுகிறேன் என்கிற சூசனின் ஒவ்வொரு வாக்கியமும் அவன் மௌனத்தின் மேல்தான் நிற்கிறது. தன் கதையைப் பிறர் கையில் கொடுக்க மறுப்பவள், அவன் கதையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். கூட்ஸி பழைய கதையைக் 'கட்டுடைத்தார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் இந்த இடம் தப்பிப்போகும். அவருடைய நாவலிலேயே அவிழக் காத்திருக்கும் முடிச்சு இதுதான்.

என் சொல்லுக்கும் ஒரு குறை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நாளிதழ்களில் தினமும் யாராவது வன்முறையைக் 'கட்டவிழ்த்து விடுகிறார்கள்'. அதனால் 'கட்டவிழ்த்தல்' என்று எழுதும்போது பக்கத்தில் 'விடு' வராமல் பார்த்துக்கொள்கிறேன்.