உண்ணிவழி மூளையழற்சி

'டிக்-போர்ன் என்செபலைட்டிஸ்' நோயைத் தமிழில் 'மூளைக் காய்ச்சல்' என்றால் போதாது. கொசுவால் வரும் ஜப்பானிய வகையையும், மூளையுறையைத் தாக்கும் மெனிஞ்சைட்டிசையும் அதே பெயரில்தான் சொல்லிவருகிறோம். அதனால் இதை 'உண்ணிவழி மூளையழற்சி' என்கிறேன்: உண்ணியின் வழியே வரும் மூளையழற்சி.

கிரேக்கத்தில் 'கெபாலே' என்றால் தலை. 'என்கெபாலோஸ்' தலைக்குள் இருப்பது, அதாவது மூளை. 'ஐட்டிஸ்' என்ற ஈறு மருத்துவத்தில் அழற்சியைக் குறிக்கும். நம் 'அழற்சி'க்கு வேர் 'அழல்', நெருப்பு. சிவந்து, வீங்கி, எரியும் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? 'உண்ணி'யும் அப்படித்தான்: உண்பது உண்ணி. மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டு, இரத்தம் குடித்து உப்பிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

சரி, நடுவில் உள்ள 'வழி'? அதை விட்டுவிடக் கூடாது. தடுப்பூசி ஒரு நாட்டை எப்படிக் காக்கிறது என்பது அந்தச் சின்னச் சொல்லில்தான் இருக்கிறது.

தட்டம்மை ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவும். ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டால், போட முடியாத கைக்குழந்தைக்கும் அது அரண். இதை 'மந்தை நோய் எதிர்ப்பு' என்கிறார்கள். (மனிதரை ஏன் மந்தை என்க வேண்டும்? 'சமூக எதிர்ப்பாற்றல்' நல்ல சொல்.) உண்ணிவழி மூளையழற்சியின் வைரசோ காட்டு எலிகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே சுற்றிக்கொண்டிருப்பது. மனிதருக்கு உண்ணி கடித்து வரும். சில சமயம் காய்ச்சாத ஆட்டுப்பாலிலும் வரும். நோய் வந்தவரிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொற்றாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ஊசியும் நமக்கு உதவாது.

ஆஸ்திரியாவில் இது கண்கூடு. 1979இல் அங்கே 677 பேருக்கு இந்நோய் வந்தது. 1981இல் நாடு தழுவிய தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 1999இல் எண்ணிக்கை 41. 2005இல் மக்களில் 88 விழுக்காட்டினர் குறைந்தது ஒரு தவணையாவது போட்டிருந்தார்கள். தவணை தவறாமல் போட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு சுமார் 99 விழுக்காடு என்று 2000 முதல் 2006 வரையிலான கணக்கு காட்டியது.

ஊசி போடாதவர்கள்? நாட்டு எண்ணிக்கை இவ்வளவு சரிந்த பிறகும், அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு இயக்கத்துக்கு முந்தைய காலத்தில் இருந்த அளவிலேயே நின்றது. எனக்கு மனத்தில் தைத்தது இதுதான். மூன்று தவணை, அப்புறம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊக்கத் தவணை என்று ஒவ்வொருவரும் தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். நோய் வந்தபின் அந்த வைரசை அடக்கும் மருந்து இன்னும் இல்லை.