அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால்

ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்க வந்த முதலாமாண்டு மாணவர்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2008-ல் வெளியானது. ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாத அந்த மாணவர்கள் முதன்முதலாக ஒரே அறையில் கூடியபோது, ஆளுக்கொரு இருக்கையைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி அங்கேதான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து யாரோடு யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று கேட்டால், அன்றைக்குப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள்தான் அதிகம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரிசையில் இருந்தவர்கள் அதற்கு அடுத்து. தள்ளி உட்கார்ந்தவர்கள் கடைசி.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்து போலீஸ் பயிற்சிப் பள்ளியில் குடும்பப் பெயரின் எழுத்து வரிசைப்படி அறையும் இருக்கையும் ஒதுக்கினார்கள். அங்கே நெருங்கிய நண்பர் யார் என்று கேட்டபோது, பெரும்பாலும் எழுத்து வரிசையில் தனக்கு முன்னும் பின்னும் இருந்தவர் பெயரைத்தான் சொன்னார்கள் என்று 1974-ல் மேடி சீகல் எழுதினார். நம்மூர் பொறியியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு இதையெல்லாம் ஆய்வு செய்து சொல்லவே வேண்டாம். ரோல் நம்பர்படி லேப் பேட்ச் பிரிப்பார்கள், கார்த்திக்குக்குக் கார்த்திகேயன் நண்பனாவான், பத்து வருடம் கழித்து ஒருவன் கல்யாணத்தில் மேடையேறி போட்டோவுக்கு நிற்கிற கூட்டத்தில் பாதிப்பேர் ஒரே எழுத்தில் ஆரம்பிப்பார்கள்!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்கேட் குடியிருப்பில் நடந்து 1950-ல் வெளியான ஆய்வும் இதே கதைதான். அடுத்த கதவில் குடியிருப்பவரை நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம், அதே மாடியில் கோடியில் இருப்பவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். நடுவில் இருந்த தூரம் நூறு அடிகூட இல்லை.

இருக்கையே எல்லாவற்றையும் செய்துவிடாது, அது ஆரம்பித்து மட்டும் வைக்கும். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் போட்ட கணக்குப்படி, தெரிந்தவர் ஒருவர் நெருங்கிய நண்பராக மாற 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த 200 மணி நேரத்தை யாரோடு கழிக்கப் போகிறோம் என்பதை பல நேரம் ஏதோ ஒரு கிளார்க் தயாரித்த பட்டியல் முடிவு செய்திருக்கிறது.

இதைக் கேட்டால் சிலருக்கு நட்பின் மதிப்பே குறைந்துவிட்ட மாதிரி இருக்கும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது, அப்படித் தோன்றுவதற்கு ஆதாரமும் இருக்கிறது.

மின்க்யுங் கூ, சாரா அல்கோ, டிமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் நான்கு பேரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு அது. காதலிலோ திருமண உறவிலோ இருப்பவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் தங்கள் துணையை எப்படிச் சந்தித்தோம், எப்படி ஒன்று சேர்ந்தோம் என்று எழுத வேண்டும். இன்னொரு பகுதியினர் எப்படியெல்லாம் சந்திக்காமலே போயிருக்கக் கூடும் என்று எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு உறவைப் பற்றி அதிகத் திருப்தி சொன்னது இரண்டாவது பகுதி. அதே ஆய்வில், வாழ்க்கையில் நடந்த ஒரு நல்ல சம்பவத்தை வைத்து இதே மாதிரி இரண்டு வேலைகளை மாணவர்களிடம் விவரித்து எது அதிக மகிழ்ச்சி தரும் என்று கேட்டபோது, இரண்டாவதுதான் என்று அவர்கள் ஊகிக்கவில்லை. நாமும் ஊகித்திருக்க மாட்டோம்.

ஏன் இப்படி? நல்ல விஷயம் எதுவானாலும் மனது அதற்குப் பழகிவிடுகிறது, அதுவும் அந்த விஷயம் நன்றாகப் புரிந்துவிட்டால் இன்னும் சீக்கிரம் பழகுகிறது. நண்பனைச் சந்தித்த கதையை நாம் ஏற்கெனவே நூறு தடவை சொல்லியிருப்போம். சொல்லச் சொல்ல அது ஏதோ நடந்தே தீர வேண்டிய சம்பவம் போல இறுகிவிடுகிறது, ஆச்சரியம் வடிந்துவிடுகிறது. அன்றைக்கு பஸ் சரியான நேரத்துக்கு வந்திருந்தால், அல்லது அந்த வேலைக்கு விண்ணப்பித்த இன்னொருவர் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் என்று யோசிக்கும்போதுதான் அந்த இறுக்கம் உடைகிறது.

வில்சனும் கில்பர்ட்டும் வேறு இருவருமாகச் சேர்ந்து இதைப் பற்றி 2005-லேயே ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டிருந்தார்கள். நூலகத்தில் இருந்தவர்களிடம் ஒரு டாலர் நாணயம் ஒட்டிய அட்டையை யாரோ கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சில அட்டைகளில் 'நாங்கள் யார்', 'ஏன் இதைச் செய்கிறோம்' என்ற கேள்விகளும் கூடவே இருந்தன. அதே தகவல்தான், ஆனால் கேள்வி பதிலாகப் படித்தால் விளக்கம் கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அந்தக் கேள்விகள் இல்லாத அட்டையை வாங்கியவர்கள்தான் அதிக உற்சாகத்தில் இருந்தார்கள். காரணம் பிடிபடாத சந்தோஷம் கொஞ்சம் அதிக நேரம் தங்குகிறது.

மூளைக்குள்ளும் இதன் சாயலில் ஒன்று உண்டு. நரம்பியல் விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த பரிசோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளைச் செல்கள் துள்ளின. வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அதே பழச்சாறுக்கு அவை அசைந்துகூடக் கொடுக்கவில்லை. குரங்கின் பழச்சாறிலிருந்து மனிதரின் நட்புக்கு ஒரே தாவாகத் தாவ வேண்டாம், நடுவில் நிறைய தூரம் இருக்கிறது.

நன்றியுணர்வு என்றதும் எல்லோரும் சொல்வது நன்றிக் குறிப்பேடு. அதற்கு வித்திட்டது ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ 2003-ல் வெளியிட்ட ஆய்வு: வாரத்துக்கு ஒருமுறை, நன்றி சொல்லத் தோன்றுகிற விஷயங்கள் ஐந்து வரை எழுதியவர்கள், எரிச்சல்களைப் பட்டியல் போட்டவர்களைவிட வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள். சரி, வாரம் ஒருமுறை நல்லதென்றால் அடிக்கடி எழுதினால் இன்னும் நல்லதா? சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினர் பார்த்ததில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் இருந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. இங்கேயும் பழக்கம்தான் வில்லன். தினமும் நன்றி எழுதச் சொல்லி நோட்டிபிகேஷன் அனுப்புகிற செயலிகள் இதை ஏன் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

எழுதி வைத்துக்கொள்வது ஒன்று, சம்பந்தப்பட்டவரிடமே சொல்வது வேறு. அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-ல், தங்களுக்கு முக்கியமான ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்குபவர் என்ன நினைப்பார் என்று எழுதியவரிடம் ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு வாங்கியவரிடமே கேட்டார்கள். எழுதியவர் பயந்த அளவுக்கு அவர்களுக்குச் சங்கடமாக இல்லை, ஆனால் நினைத்ததைவிட அதிகம் ஆச்சரியமும் சந்தோஷமும் அடைந்திருந்தார்கள். எழுதுபவர் வார்த்தை சரியாக அமைந்ததா என்று தவித்துக்கொண்டிருக்க, படிப்பவர் அதில் இருந்த அன்பை மட்டும் பார்க்கிறார். அதிலும் நம் ஆட்களுக்கு நெருங்கின நண்பனிடம் நன்றி சொல்வது அவனை அந்நியமாக்குகிற மாதிரி தோன்றும், 'என்னடா புதுசா' என்று அவனும் கேட்பான். அதற்கு ஒரு வழி, நன்றி என்ற வார்த்தையே இல்லாமல், நீ அன்றைக்கு அந்த இன்டர்வியூவுக்குக் கூடவே வந்தாயே, நீ வராமல் இருந்திருந்தால் நான் பாதியிலேயே திரும்பியிருப்பேன் என்று நடந்ததை அப்படியே சொல்லிவிடுவது.

நண்பர்கள் இருக்கட்டும், பெயர்கூடத் தெரியாதவர்கள்? எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் தனியாக உட்காரச் சொன்னார்கள். 2014-ல் வெளியான முடிவு: பேசியவர்களின் பயணம்தான் இனிமையாக இருந்தது. ஊகிக்கச் சொன்னபோது மக்கள் சொன்னது நேர் எதிர். முகம் கொடுத்துப் பேச மாட்டார்களோ என்பதுதான் பயம், ஆனால் பேச்சுக் கொடுத்தவர்களில் யாருமே மற்றவர் ஒதுக்கிவிட்டதாகச் சொல்லவில்லை. நம்மூர் ரயிலில் நிலைமை வேறு, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் சம்பளம்வரை கேட்டுவிடுவார்கள் என்று ஒருகாலத்தில் சொல்லலாம். இப்போது நம் பெட்டியிலும் எல்லோர் காதிலும் இயர்போன்தான்.

கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் டொரான்டோவில் படித்துக்கொண்டிருந்தபோது வழியில் ஒரு ஹாட்டாக் வண்டிக்காரப் பெண்மணி இருப்பார். இவர் புன்னகைத்துக் கையசைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான் பழக்கம், ஆனாலும் அன்றைய நாள் கொஞ்சம் நன்றாக இருக்கும். ஏன் என்று யோசித்தவர் அதையே ஆய்வாக எடுத்துக்கொண்டார். அவரும் எலிசபெத் டன்னும் 2014-ல் வெளியிட்டதன்படி, இப்படி மேலோட்டமாகத் தெரிந்தவர்களோடு வழக்கத்தைவிட அதிகம் பேசிய நாட்களில் மக்கள் வழக்கத்தைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

இதில் எதையும் மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றிப் பயிற்சிகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து 2021-ல் அலசியதில், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அவற்றால் கிடைக்கும் பலன் சொற்பம் என்றுதான் வந்தது. தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் இருண்டு கிடப்பவரிடம் நன்றியோடு இரு என்று உபதேசிப்பது கொடுமை, அவருக்கு வேண்டியது மருத்துவர்.

மற்றவர்களுக்கு ஒரு தகவல். முன்பின் தெரியாதவரிடம் பேசும் பயம் ஒருமுறை பேசி நன்றாகப் போனால் தீர்ந்துவிடும் என்று நினைப்போம், ஆனால் அடுத்த ஆளைப் பார்த்ததும் அது திரும்ப வந்துவிடும். சாண்ட்ஸ்ட்ராம் குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் இதை ஒரு வார விளையாட்டாக்கினார்கள்: இந்த மாதிரி ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசு என்று தினமும் ஒரு வேலை. வாரக் கடைசியில் ஒதுக்கப்படுவோம் என்ற பயம் குறைந்திருந்தது, எனக்குப் பேச வரும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது, விளையாட்டு முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் அப்படியே இருந்தது.