தெளிந்த ஊற்றில் மறைந்திருக்கும் அமிலம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நிலக்கரி எடுத்து முடித்த திறந்தவெளிச் சுரங்கங்கள் பலவற்றின் மேல் இன்று புல்லும் மரமும் வளர்ந்திருக்கின்றன. 1977-ல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின்படி, சுரங்க நிறுவனம் பிணைத்தொகை கட்டிய பிறகே வேலையைத் தொடங்க முடியும். நிலத்தையும் நீரையும் சீராக்கியதாக மெய்ப்பிக்கும்போதுதான் அந்தத் தொகை கட்டங்கட்டமாக விடுவிக்கப்படும். நிலம் பச்சையாகிவிட்டதா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். நீர் அவ்வளவு எளிதில் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை.

சுரங்கக் குழியை நிரப்பிய உடைபாறைக்குள் மழைநீர் இறங்கி, நிலத்தடி நீர்மட்டம் பழையபடி உயர்வதற்கு ஆண்டுகள் ஆகலாம். அதன் பிறகுதான் சரிவின் அடிவாரத்தில் புதிய ஊற்றுகள் கசியத் தொடங்குகின்றன. நிலக்கரியை ஒட்டிய பாறைகளில் பைரைட் என்னும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருக்கிறது. அதன் மேல் காற்றும் நீரும் படும்போது கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகின்றன. அமில நீரில் மிக மெதுவாக நடக்க வேண்டிய இந்த இரும்பின் ஆக்சிஜனேற்றத்தைப் பாக்டீரியாக்கள் பன்மடங்கு விரைவுபடுத்துகின்றன என்பதைக் கால்மர், ஹிங்கிள் என்ற இரு ஆய்வாளர்கள் 1947-ல் எடுத்துக்காட்டினர்.

ஊற்றுக்கண்ணிலேயே ஒரு பாட்டில் நீரைப் பிடித்தால், அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கலாம், பி.எச். அளவும் (7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 6-க்கு மேல் காட்டலாம். ஆனால் பாறைக்குள் ஆக்சிஜன் இல்லாத நிலையில் கரைந்த இரும்புக்கு நிறமில்லை. காற்றுப் பட்டதும் அது செம்மஞ்சள் படிவாக அடியில் தங்கும். உள்ளூரில் இதை ‘யெல்லோ பாய்’ என்பார்கள். அப்படிப் படியும் ஒவ்வொரு இரும்பு அயனியும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை நீரில் விட்டுவிடுகிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் இரும்பு கரைந்துள்ள நீர் அமிலமாகாமல் இருக்க வேண்டுமானால், சுமார் 90 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறன், அதில் இருந்தாக வேண்டும். குறைந்தால், அதே நீர் ஓடையில் இறங்கிச் செல்லும் வழியில் அமிலமாகிவிடும். பி.எச். அளவை மட்டும் எழுதிவைத்த அறிக்கையை நான் நம்பத் தயங்குவது இதனால்தான்.

எனவே பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துதிறன் (கரைந்த உப்புகள் கூடக் கூட இதுவும் கூடும்) ஆகியவற்றை ஊற்றின் அருகிலேயே அளக்கிறார்கள். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சில துளிகள் சேர்த்து, இரும்பு வழியிலேயே படிந்துவிடாமல் காக்கிறார்கள். அமிலத்தன்மைக்கும் காரத்தன்மைக்குமான பாட்டிலைக் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பிப் பனிக்கட்டியில் வைக்கிறார்கள்.

ஊற்றின் ஓட்டத்தை வாளியும் கடிகாரமும் கொண்டே அளந்துவிடலாம். ஆனால் அதை விட்டுவிட்டால் மற்ற எண்கள் திசைதிருப்பும். கோடையில் நொடிக்கு 2 லிட்டர் வரும் ஊற்றில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இரும்பு இருந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.5 கிலோ இரும்பு வெளியேறுகிறது. மழைக்குப்பின் ஓட்டம் 10 லிட்டராகி, செறிவு 8 மில்லிகிராமாகக் குறைந்தால், அறிக்கையில் நீர் மேம்பட்டதுபோல் தோன்றும். உண்மையில் ஓடைக்குச் சேரும் இரும்போ நாளுக்கு 7 கிலோவை நெருங்கிவிடும்.

அமிலம் இல்லாத இடங்களிலும் கரைந்த உப்புகள் சிக்கலாகின்றன. மத்திய அப்பலாச்சிய மலைத்தொடரின் ஓடைகளில் வாழும் பூச்சிகளைக் காக்க, மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமென்ஸைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011-ல் ஒரு வரையறை தந்தது.

சுரங்க நிலத்தில் நீர் தேங்கும் குட்டைகளின் கதை வேறு. கோடையில் மேல்நீர் சூடாகி மிதக்க, அடிநீர் ஆக்சிஜன் தீர்ந்து தனியே தேங்குகிறது; முன்பு படிந்த இரும்பும் மாங்கனீசும் அங்கே மீண்டும் கரைகின்றன. இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனமாகி அடிநீரோடு கலக்கும்போது, அவை வெளிவாய்க்கு வந்து சேர்கின்றன. அதனால் கரையோரத்தில் நின்று ஒரு குவளை மொள்ளுவது போதாது; ஆழத்தில் திறந்து மூடும் குழாய்க் கலனை இறக்கி அடிநீரையும் எடுக்க வேண்டியிருக்கிறது.