கோழிகள் ஜம்மென்றுதான் இருக்கும், சாவது வான்கோழி

போன வாரமும் ஒரு சாக்கு வந்தது. உள்ளே பத்து வார வயதில் மூன்று வான்கோழிகள், ஒன்றுக்கு இன்னும் உடம்புச் சூடுகூட ஆறவில்லை. "இருபது வாங்கினேன் டாக்டர், இப்போ ஏழுதான் நிக்குது" என்றார் கொண்டுவந்தவர். கத்தியை எடுப்பதற்கு முன்பே கேட்டேன்: "வீட்டில் கோழி வளர்க்கிறீங்களா?"

"வளர்க்கிறேன். ஆனா அதுங்க எல்லாம் ஜம்முனு இருக்கு. அதனால கோழிகிட்டேருந்து வந்திருக்காது."

இந்த 'அதனால'வைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குத் தலைவலி.

வயிற்றைத் திறந்ததும் எதிர்பார்த்ததுதான். கல்லீரலில் காசு காசாக வட்டப் புண்கள், நடுவில் குழிந்து கிடந்தன. குடலில் இருக்கும் இரட்டைப் பைகள் வீங்கி, உள்ளே பாலாடைக்கட்டி போல இறுகிய மஞ்சள் அடைப்பு. பிளாக்ஹெட், அதாவது 'கருந்தலை' என்ற நோய். பேரைப் பார்த்துத் தலை கறுக்கும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் கறுக்காது. இந்த நோய்க்கு இப்படிப் பேர் வைத்தவர்மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. பார்க்க வேண்டியது எச்சத்தை. கந்தக மஞ்சளாகப் போனால், இறக்கையைத் தொங்கவிட்டுக் கண்மூடி ஓரமாக நின்றால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

இப்போது அந்த 'அதனால'வுக்கு வருவோம். நோயை உண்டாக்குவது ஹிஸ்டோமோனஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. அது வெளியில் தனியாகக் கிடந்தால் சில மணி நேரம்கூடத் தாங்குவது கஷ்டம். ஆனால் கோழியின் குடலில் வாழும் ஹெட்டராகிஸ் என்ற சின்னப் புழுவின் முட்டைக்குள் புகுந்துவிட்டால், மண்ணில் வருடக்கணக்காக உயிரோடு கிடக்கும். மண்புழு அந்த முட்டைகளை விழுங்கித் தன் உடம்பில் சேர்த்து வைக்கும். மண்புழுவைக் கண்ட வான்கோழி சும்மா போகுமா?

கோழிக்கும் இதே புழுவும் இதே கிருமியும்தான். ஆனால் கோழியின் உடம்பு பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. தின்கிறது, முட்டையிடுகிறது, எச்சத்தோடு புழு முட்டைகளையும் முற்றம் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கிறது. நோய்வாய்ப்பட்ட கோழியாவது கண்ணில் பட்டு, அதைத் தனியே பிரித்துவிடுவீர்கள். ஜம்மென்று இருப்பதை யார் பிரிப்பார்? ஆக, "கோழி நன்றாக இருக்கிறது" என்பது மண் சுத்தம் என்பதற்குச் சான்றே இல்லை. வான்கோழிக் கூட்டத்துக்குள் ஒன்றிரண்டுக்கு வந்த பிறகு புழுகூடத் தேவையில்லை, நனைந்த தரையில் உட்காரும்போது கழிவாய் வழியாகவே கிருமி உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். மாணவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். கூட்டத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது போவதும் நடக்கிற கதைதான்.

"சரி, என்ன மருந்து?" என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் கையைப் பிசைய வேண்டியிருக்கிறது. தடுப்புக்காகத் தீவனத்தில் கலந்துவந்த, ஆர்சனிக் அடங்கிய நைட்டார்சோன் 2015 முடிவில் அமெரிக்கச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. மெட்ரோனிடசோல் வகை மருந்துகளை இறைச்சிக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தடை. யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்காதீர்கள், நாளைக்கு அதைச் சாப்பிடப் போவது உங்கள் பிள்ளைகள். குடற்புழு மருந்து புழுவைக் கொல்லும், ஆனால் கல்லீரலுக்குள் போய்விட்ட கிருமியை ஒன்றும் செய்யாது. முன்கூட்டியே, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுத்தால்தான் அதற்கு அர்த்தம்.

'பெரிய கோழிதானே' என்ற நினைப்பு தீவனத்திலும் ஆளைக் கவிழ்க்கும். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் புரதம் 20 சதவீதம் அளவில் இருக்கும், வான்கோழிக் குஞ்சுக்கு முதல் வாரங்களில் 28 வரை வேண்டும். குறைந்தால் வளர்ச்சி நின்று கால் வளையும். அதைவிட மோசம், சில கோழித் தீவனங்களில் ரத்தக்கழிச்சலுக்காகச் சேர்க்கும் சாலினோமைசின். கோழிக்கு மருந்து, வான்கோழிக்கு விஷம். சாக்கில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். எழுத்து பொடிதான், கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

குஞ்சுகள் வந்த முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள். செய்தித்தாள் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் விரிந்துவிடும். வான்கோழிக் குஞ்சு தானாகத் தின்னும் என்று விட்டுவிடவும் வேண்டாம். தீவனத்துக்கு நடுவிலேயே நின்று பட்டினியால் சாகும் பிறவி அது. முதல் நாள் ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள், தீவனத்தின் மேல் அவித்த முட்டையை நறுக்கித் தூவுங்கள், தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போடுங்கள். மினுக்குவதைக் கொத்த வந்து அப்படியே குடிக்கப் பழகும்.

இடம் மட்டும், தயவுசெய்து, கோழி எப்போதும் கால் வைக்காத இடமாகப் பாருங்கள். அது இல்லையென்றால் கம்பிவலைத் தரையோ, சிமெண்டுத் தரையோ. கோழிக்கொட்டகைக்குள் போட்ட செருப்போடு வான்கோழியிடம் போகாதீர்கள், மண்வெட்டியும் வாளியும் தனித்தனி. இரண்டில் ஒன்றைத்தான் வளர்க்க முடியும் என்றால் ஒன்றை மட்டும் வளருங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறார்கள், கொஞ்சம் தயங்கித் தயங்கி: "சாகப்போறதை அறுத்துச் சாப்பிடலாமா?" இந்தக் கிருமி மனிதரைத் தாக்காது. ஆனால் துவண்டு கிடக்கும் பறவைக்கு இது ஒன்றுதான் இருக்கிறது என்று அறுப்பதற்கு முன் யார் சொல்வது? வேண்டாம். ஆரோக்கியமான பறவைக்கு மருந்து ஏதாவது கொடுத்திருந்தால், அந்த மருந்து உடம்பைவிட்டு நீங்கச் சொல்லியிருக்கும் நாட்கள் முடிந்த பிறகே அறுக்க வேண்டும். சமைக்கும்போது மார்பின் உள்சதை 74 டிகிரியைத் தொட வேண்டும்.

சாக்கோடு வந்தவரிடம் இத்தனையும் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பிக் கேட்டார்: "அப்போ மிச்சம் ஏழையும் பின்பக்கக் கொட்டகைக்கு மாத்திடறேன் டாக்டர். அது காலியாத்தான் கிடக்கு."

"அதில் முன்னாடி என்ன இருந்தது?"

"கோழி. போன மாசம்தான் எடுத்தேன்."

அவரை மறுபடி உட்காரச் சொன்னேன்.