அழுகை நின்றால் போதுமா?

நான் வேலை பார்க்கும் மனநலப் பிரிவுக்கு வர வேண்டுமென்றால் தடுப்பூசி அறையைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு நாள் காலையில் நாலு வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தான். அவனுக்கு அன்று ஊசி எதுவும் இல்லை. பேச்சு கொஞ்சம் தாமதமாக இருக்கிறதென்று என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். வெள்ளை கோட் போட்ட செவிலியர் ஒருவர் கையில் ட்ரேயுடன் பக்கத்தில் நடந்துபோனார், அவ்வளவுதான். என் அறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் அப்பாவின் சட்டையிலிருந்து அவன் முகத்தை எடுக்கவில்லை. பேச்சுவாக்கில் அம்மா சொன்னார்: “சாப்பிட அடம் பிடிச்சா, டாக்டர் மாமா ஊசி போட்டுடுவார்னு சும்மா சொல்வோம் மேடம். உடனே வாயைத் திறந்துடுவான்.”

‘உடனே.’ பெற்றோர் என்னிடம் அதிகம் சொல்லும் சொல் இதுதான். மிரட்டினால் உடனே சாப்பிடுகிறான். போனைக் கொடுத்தால் உடனே அழுகை நிற்கிறது. முதுகில் ஒன்று வைத்தால் உடனே அடங்கிவிடுகிறாள். இந்த ‘உடனே’க்குப் பின்னால் நடப்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். (வரும் குழந்தைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

பி.எட். படித்தவர்களுக்குப் பாவ்லோவின் நாய் நினைவிருக்கும்: ஒரு சத்தத்தைக் கேட்க வைத்து உடனே தீனி கொடுத்துப் பழக்கினால், பிறகு சத்தத்தைக் கேட்டாலே அதற்கு எச்சில் ஊறும். தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துபோகிற பாடம் அது. ஆனால் அதே பாடம் ஒரு குழந்தையின் மேல் நடத்தப்பட்ட கதையை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். மனம், எண்ணம், உணர்வு என்று கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பேசிக்கொண்டிருந்தால் உளவியல் ஒருநாளும் அறிவியலாகாது, பார்க்க முடிகிற, அளக்க முடிகிற நடத்தையை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றார். நடத்தைவாதம் என்ற பெயர் அப்போது வந்தது. 1920-இல் அவரும் ரோசலி ரேய்னரும் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பதினோரு மாதக் குழந்தை. அறிக்கையில் அவனுக்கு ஆல்பர்ட் என்று பெயர். வெள்ளை எலியைக் கண்டால் ஆசையாகக் கை நீட்டுகிற குழந்தை. அவன் எலியைத் தொடப் போகும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஏழு முறை போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லாமல் எலியை மட்டும் காட்டினாலும் அழுது, திரும்பித் தவழ்ந்து ஓடினான். எலியோடு அது நிற்கவில்லை. முயல், நாய், ரோமக் கோட் என்று மற்றவற்றைக் கண்டும் மிரண்டான். அந்தப் பயத்தைப் போக்காமலேயே அவனை அனுப்பிவிட்டார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிற இடம் இதுதான்.

ஊசியின் வலி ஒரு நிமிடத்தில் போய்விடும். ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் “டாக்டர் மாமா, ஊசி” என்று சொல்லிச் சொல்லி அந்த வலியை நாம் வெள்ளை கோட்டோடு முடிச்சுப் போடுகிறோம். பிறகு அந்தப் பயம் மருந்து வாசனைக்கும் ஆஸ்பத்திரி நாற்காலிக்கும் பரவுகிறது. நிஜமாகவே காய்ச்சல் வரும் நாளில், யாரை நம்பி அந்தக் குழந்தை கையை நீட்ட வேண்டுமோ அவரைக் கண்டுதான் அலறும். போலீஸ் மாமாவும் பூச்சாண்டியும் இதே கதைதான். வழி தவறி நிற்கும் குழந்தை உதவி கேட்க வேண்டிய ஆளைப் பார்த்து ஒளிந்துகொண்டால் என்ன செய்வது?

பயத்தை இப்படி ஏற்றலாம் என்று காட்டிய அதே வழியில்தான் அதை இறக்கவும் முடிந்தது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்பவர், முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற, மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனைப் பற்றி எழுதினார். பீட்டர் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டில் அடைத்த முயலை அறையின் அந்தக் கோடியில் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். நடுவில் ஒரு பெரிய நாய் அவனைப் பயமுறுத்திவிட, பழைய பயம் திரும்பி வந்தது. மறுபடி ஆரம்பித்தார்கள். கடைசியில் முயல் அவன் விரல்களைக் கடித்து விளையாடும் அளவுக்கு வந்துவிட்டான். 1958-இல் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் இதையே பெரியவர்களுக்கான சிகிச்சை முறையாக வகுத்து எழுதினார். இன்றும் நாய்ப் பயம், லிஃப்ட் பயம், ஊசிப் பயம் எல்லாவற்றுக்கும் நாங்கள் செய்வது பெரும்பாலும் இதுதான்.

அந்தப் பையனுக்கும் இதைத்தான் செய்தோம். முதலில் வீட்டில் அந்த மிரட்டலை அடியோடு நிறுத்தச் சொன்னேன். இங்கே விளையாட்டு ஸ்டெதஸ்கோப்பை ஒரு கரடி பொம்மையின் நெஞ்சில் வைத்துப் பார்த்தான். அடுத்தடுத்த வாரங்களில் இரவல் வாங்கிய வெள்ளை கோட் ஒன்று மூலை நாற்காலியில் தொங்கியது, பிறகு மேசை மேல் கிடந்தது. ஆறாவது வாரம் அதைக் கரடிக்குப் போர்த்திவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் அதன் தொடையில் குத்தி, “வலிக்குதா? சரியாப் போயிடும்” என்று தடவிக் கொடுத்தான். தயவுசெய்து, பயத்தைப் போக்குகிறேன் என்று குழந்தையைத் தூக்கிப்போய் நாயின் முன்னால் நிறுத்தாதீர்கள். பக்கத்தில் போவதா நிற்பதா என்பது குழந்தையின் கையில் இருக்கிற வரைக்கும்தான் இது சிகிச்சை.

அடுத்து போன் கதை. இதற்கு வாட்சன் போதாது, நடத்தைவாதத்தில் அவருக்குப் பின் வந்த இன்னொரு அமெரிக்க உளவியலாளரான பி. எஃப். ஸ்கின்னரிடம் போக வேண்டும். ஒரு நடத்தை நிலைப்பதும் மறைவதும் அதற்குப் பின்னால் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது என்பது அவருடைய அடிப்படை. ஐந்து வயதுப் பிள்ளையின் அம்மா ஒருவரிடம், ஒரு வாரத்துக்கு நோட்டில் மூன்று கோடு போட்டு எழுதி வரச் சொன்னேன்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. அவர் கொண்டுவந்த நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. திங்கள்: போன் கேட்டான், தரவில்லை, பத்து நிமிடம் அழுதான், தரவில்லை. செவ்வாய்: இருபது நிமிடம் அழுதான், தரையில் உருண்டான், பாட்டி கொடுத்துவிட்டார். புதன்: தரவில்லை. வியாழன்: பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள், மானம் போகிறதே என்று கொடுத்தோம். எழுதும்போதே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. “நாங்கதான் உருளக் கத்துக் குடுத்திருக்கோம் மேடம்” என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஸ்கின்னரிடம் எலிகளுக்கான தீனி உருண்டைகள் குறைவாக இருந்தன. கையால் செய்ய வேண்டிய உருண்டைகள் அவை, திங்கள் வரை தாங்காது. அதனால், கூண்டுக்குள் எலி நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் ஓர் உருண்டை கொடுப்பதை விட்டு நிமிடத்துக்கு ஒன்று என்று குறைத்தார். எலி அழுத்துவதை விடவில்லை. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கிற நடத்தை, எப்போதும் கிடைக்கிற நடத்தையைவிட அழியாமல் நிலைக்கிறது என்பது அந்த வழியில் வந்த ஆய்வுகளில் உறுதியானது. சூதாட்ட இயந்திரத்தின் முன் ஆட்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். வாரத்தில் இரண்டு நாள் பாட்டி மனம் இரங்குவது, ஏழு நாளும் போனைக் கொடுப்பதைவிடப் பிடிவாதத்தை அதிகம் வளர்க்கும். இன்னொன்று, கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாட்களில் அழுகை கூடும், பிறகுதான் குறையும். “நீங்க சொன்னபடி செஞ்சோம், ரொம்ப மோசமாயிடுச்சு” என்று மூன்றாம் நாள் போன் செய்கிற பெற்றோரிடம் நான் சொல்வது, இந்த இடத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பதுதான். வீட்டில் இருக்கும் எல்லாரும், முக்கியமாகத் தாத்தா பாட்டியும், ஒரே பேச்சில் நிற்க முடியாதென்றால் ஆரம்பிக்காமல் இருப்பதே மேல்.

ஸ்கின்னர் தண்டனையை எதிர்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ‘அடியாத மாடு படியாது’ என்று வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமாக இருக்கும். “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அடி நடத்தையை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். அப்பா வீட்டில் இல்லாதபோது அது வெளியே வரும். என்ன செய்ய வேண்டும் என்பதை அடி சொல்லிக் கொடுப்பதே இல்லை. அப்புறம் ஏன் அடிக்கிறோம்? அதற்கும் நடத்தைவாதத்திடமே பதில் இருக்கிறது. கத்தினால், அடித்தால், சத்தம் உடனே நிற்கிறது. அந்த நிம்மதிதான் பெற்றோருக்குக் கிடைக்கும் பரிசு. பழக்கப்படுத்தப்படுவது பிள்ளை மட்டுமில்லை.

இவ்வளவு தூரம் நடத்தைவாதம் எனக்குக் கை கொடுத்திருக்கிறது. அது கைவிட்ட இடத்தையும் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். காலையில் வயிற்று வலி, பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். எல்லாப் பரிசோதனையும் முடிந்திருந்தது, ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தால் டிவி, அம்மாவின் கவனிப்பு. ஆகவே வலிக்குப் பலன் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டேன். அட்டையில் கட்டம் போட்டு, போகும் நாளெல்லாம் நட்சத்திரம் ஒட்டி, பத்து நட்சத்திரத்துக்கு அவள் கேட்ட வாட்டர் கலர் பெட்டி என்று பேசி முடித்தோம். மூன்று வாரம் ஒரு நாள்கூட விடாமல் போனாள். அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கும்தான். நாலாவது வாரம் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்ட அம்மா, உச்சியில் ஒரு ரூபாய் அளவுக்கு முடியே இல்லாததைப் பார்த்திருக்கிறார். ராத்திரியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறாள். பள்ளி வேனில் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து தினமும் அவள் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். கட்டம் போடுவதற்கு முன், வேனில் யார் பக்கத்தில் உட்காருவாய் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. அட்டையைத்தான் பார்த்தேன், அட்டை நன்றாக இருந்தது.

வெளியே தெரிகிற நடத்தையைப் பார்த்தால் போதுமா என்ற இதே சண்டை தத்துவத்தில் வேறு மொழியில் நடந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கில்பர்ட் ரைல் 1949-இல், மனம் என்பது உடம்புக்குள் குடியிருந்து இயக்கும் பேய் மாதிரியான தனிப்பொருள் இல்லை என்று வாதிட்டார். ஒருவரைப் புத்திசாலி, கோபக்காரர் என்றால் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைத்தான் சொல்கிறோம் என்றார். இதில் நிறைய உண்மை உண்டு. ஆனால் வலி என்பதும் முகம் சுளிப்பது, கத்துவது, அப்படிச் செய்யும் போக்கு என்பவற்றின் தொகுப்புதான் என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சிந்தனை போனபோது, 1963-இல் ஹிலாரி பட்னம் ஒரு கற்பனையை முன்வைத்தார். ஒரு சமூகம், அதில் எல்லாருக்கும் நம்மைப் போலவே வலிக்கும். ஆனால் வலியைக் காட்டுவது இழுக்கு என்று வளர்ந்தவர்கள், ஒருவரும் முனகக்கூட மாட்டார்கள். வெளியே எதுவும் தெரியவில்லை என்பதால் அவர்களுக்கு வலியே இல்லை என்று சொல்வீர்களா? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் பத்து நட்சத்திரங்கள் நினைவுக்கு வரும். “அவ இருக்கிற இடமே தெரியாது மேடம், ரொம்ப நல்ல பொண்ணு” என்று அறிமுகப்படுத்தப்படும் பிள்ளைகளிடம் இப்போது நான் கூடுதல் நேரம் உட்காருகிறேன்.

உள்ளே இருப்பதைப் பார்க்க மாட்டேன் என்ற பிடிவாதம் வாட்சனை எங்கே கொண்டு போனது என்றும் பாருங்கள். 1928-இல் பெற்றோருக்காக அவர் எழுதிய புத்தகத்தில், குழந்தைகளைக் கட்டிப்பிடிக்காதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள், காலையில் கை குலுக்குங்கள் என்றார். அமெரிக்காவில் நிறையப் பேர் அதை வாங்கிப் படித்தார்கள். 1958-இல் உளவியலாளர் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளைக் கொண்டு காட்டியது இதற்கு நேர் எதிர். பால் தரும் கம்பி பொம்மையை விட்டு, பால் தராத துணி பொம்மையைத்தான் அவை மணிக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தன. “தூக்கித் தூக்கிப் பழக்கிடாதே” என்று நம் வீடுகளிலும் சொல்வார்கள். சில மாதக் கைக்குழந்தை அழுதால் தூக்குங்கள். அது பிடிவாதம் இல்லை, அதற்கு வேறு மொழி கிடையாது.

பரிசு கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆசையாகப் படம் வரைகிற மழலையர் வகுப்புப் பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். பல் தேய்க்க நட்சத்திரம் கொடுங்கள், தப்பில்லை. பிள்ளை தானாக விரும்பிச் செய்வதற்கு விலை வைக்காதீர்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு நடத்தைப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1960-களில் கலிபோர்னியாவில் உளவியலாளர் ஐவார் லோவாஸ் இந்தக் குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சிகளைத் தொடங்கியபோது அடியும் மின் அதிர்ச்சியும்கூடப் பயன்படுத்தப்பட்டன. இன்று நல்ல பயிற்சியாளர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனாலும் கேளுங்கள். அறைக்குள் பெற்றோரை விட மாட்டோம் என்றால், சாப்பாட்டைப் பிடித்துவைத்துப் பழக்குகிறோம் என்றால், தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளப் பிள்ளை கையை ஆட்டுவதை நிறுத்துவதுதான் குறிக்கோள் என்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். திடீரென்று தலையில் அடித்துக்கொள்கிற, பேச்சு வராத குழந்தைக்குக் காதுவலியோ பல்வலியோ மலச்சிக்கலோ இருக்கலாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், பயிற்சி அதற்குப் பிறகு.

அந்த வெள்ளை கோட் பையனுக்கு இப்போது ஐந்து வயது முடிந்துவிட்டது. போன மாதம் பூஸ்டர் ஊசி போட வேண்டியிருந்தது. “ஊசி கொஞ்சம் வலிக்கும், நான் பக்கத்துல இருப்பேன்” என்று முந்தின நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள் என்றிருந்தேன். மதியம் அம்மா போன் செய்தார். “நல்லா அழுதான் மேடம். ஆனா கையை அவனேதான் நீட்டினான்.”