மேட்டில் வண்டி இழுக்கவில்லையா? முதலில் ஆர்பிஎம் ஊசியைப் பாருங்கள்

போன ஜூன் மாதம், காலை ஏழு மணிக்கே பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் இருக்கும் என் பட்டறை வாசலில் ஒரு பிக்கப் வந்து நின்றது. பினாங்குத் தீவில் பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன். பழம் விழும் சீசன், ஒரு நாள் வண்டி ஓடாவிட்டாலும் நஷ்டம். ஏற்கெனவே வேறு ஒரு பட்டறையில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையே மாற்றியிருக்கிறார், நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவு. அப்படியும் தோட்டத்துக் கடைசி மேட்டில், கூடை ஏற்றாத வெறும் வண்டியே பாதியில் மூச்சு முட்டி நின்றுவிடுகிறதாம். "தார் ரோட்டுல பறக்குது தம்பி, மேட்டைக் கண்டா மட்டும் சாகுது" என்றார்.

நான் பானெட்டைத் திறக்கவில்லை. "நிற்கும்போது ஆர்பிஎம் ஊசி மேலே போகுதாண்ணே, கீழே விழுதா?" என்று கேட்டேன். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஊசி அது. அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. குற்றம் சொல்ல முடியாது, செங்குத்தான மேட்டில் வண்டி நிற்கிறபோது யார் ஊசியைப் பார்ப்பார்கள்? ஆனால் பழுது பார்க்கிறவனுக்கு அந்த ஒரு பதில் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

ஊசி மேலே ஏறி, எஞ்சின் அலறி, வண்டி மட்டும் நகராவிட்டால் எஞ்சினில் குறை இல்லை. டயர் பிடிக்காமல் சுற்றுகிறது, அல்லது கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் என்றால் தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறும். சமதரையில் நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். ஊசி எகிறி, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் பிளேட்டின் காலம் முடிந்தது. ஆட்டோ கியர் வண்டியில் கியர் ஆயிலின் அளவையும் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

ஊசி கீழே விழுந்தால் கதை வேறு. எஞ்சினுக்குக் காற்று போதவில்லை, அல்லது டீசல் போதவில்லை, அல்லது வண்டியின் கணினியே பவரைக் குறைக்கிறது.

அண்ணனோடு மேட்டுக்கே போனேன். அந்தக் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டறையில் நிறுத்தி எடுத்த ஸ்கேனில் ஒரு குறையும் தெரியவில்லை. சுமையே இல்லாத எஞ்சினில் எப்படித் தெரியும்? மேட்டில் பாதி ஏறியதும் ஊசி விழுந்தது. டீசல் அழுத்தம் கேட்ட அளவுக்கு வந்துகொண்டிருந்தது. டர்போ அழுத்தம் மட்டும் கணினி 1.2 பார் கேட்க, 0.5ஐத் தாண்டவில்லை. எங்கேயோ காற்று கசிகிறது.

கீழே இறங்கி, டர்போ தரும் சூடான காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றினேன். மேலே பார்த்தால் புதிது மாதிரி இருக்கிறது. கிளாம்புக்கு ஒட்டி, அடிப்பக்கம் விரலை வைத்துத் தடவினால் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. ஹோஸை மடக்கிப் பிழிந்ததும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. கையை எடுத்தால் மூடிக்கொள்கிறது. தார் ரோட்டில் எஞ்சினுக்குச் சுமையில்லாமல் ஓடும்போதும் அப்படியேதான் மூடிக் கிடந்திருக்கிறது. மேட்டில் அழுத்தம் ஏறி, எஞ்சின் ஆடும்போதுதான் பிளந்திருக்கிறது. புது ஹோஸுக்கு நூற்றுச் சொச்சம் வெள்ளி. கழற்றிய நல்ல பழைய டர்போவை நினைத்தால் எனக்கே வயிறு எரிந்தது.

தோட்டத்தில் நிற்கும் வண்டிகளுக்கு இன்னொரு எதிரி எலி. பல டீசல் வண்டிகளில் டர்போவைக் கட்டுப்படுத்துவது பென்சில் தடிமனில் இருக்கும் வேக்குவம் (காற்றை உறிஞ்சும்) ஹோஸ்தான். எலி அதைக் கடித்தாலும் இதே கதை. டர்போவில் கை வைப்பதற்கு முன் ஹோஸ்கள் எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டரையும் எடுத்து உதறிப் பாருங்கள். ஆற்றைக் கடந்த வண்டியென்றால் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது டீசல். மேட்டில் திடீரென்று பவர் போய், எச்சரிக்கை விளக்கு எரிந்து, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் வண்டி ஓடுகிறதா? முதலில் டீசல் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் எஞ்சினுக்கு முழுச் சுமையில் 1,600 பாருக்கும் மேல் அழுத்தம் வேண்டும். அடைத்த ஃபில்டர் வழியாக அந்த அளவுக்கு டீசல் வராது. கணினி பயந்து பவரைக் குறைத்துவிடும். நம் மலேசியாவில் 2019இல் பம்புக்கு வந்தது பி10, அதாவது செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் பத்து விழுக்காடு கலந்த டீசல். பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தைப் பிடித்து வைக்கும், பழைய டேங்கில் படிந்திருக்கும் அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். அதனால் மலை வேலை செய்யும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்றிவிடச் சொல்வேன். ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை மாதம் ஒருமுறை திறந்துவிடுங்கள். டேங்கில் கால்வாசிக்குக் கீழே டீசலை வைத்துக்கொண்டு செங்குத்து மேடு ஏறாதீர்கள். டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் காற்றை உறிஞ்சிவிடும்.

பழுதே இல்லாமல் வரும் வண்டிகளும் உண்டு. 4எச் (4H), அதாவது நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலையில், முதல் கியர் போட்டு ஏறுவார்கள். எஞ்சின் 1,200 ஆர்பிஎம்மில் திணறும், அந்தச் சுற்றில் டர்போ எழும்பவே எழும்பாது. 4எல் (4L), அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை போட்டால் அதே எஞ்சினின் இழுவை சக்கரத்தில் சுமார் இரண்டரை மடங்கு ஆகும், ஆட்டோ கியர் ஆயிலும் கொதிக்காது. 4எல் இருக்கிற வண்டியில் அதைப் போடாமல் ஏறுவது எனக்குப் புரியவே இல்லை.

புது வண்டிகளில் இன்னொன்று. சக்கரம் வழுக்குவதைப் பார்த்ததும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எஞ்சின் பவரை வெட்டிவிடும். நாம் மிதிக்க மிதிக்க வண்டி செத்துக்கொண்டே வரும். பல வண்டிகளில் 4எல் போட்டாலே அது தானாக அணைந்துவிடும். 31 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 போட்டவர்களும் கவனிக்க வேண்டும். அழகாக இருக்கலாம், ஆனால் இழுவை சுமார் ஆறு விழுக்காடு குறையும்.

"மேலே காற்று குறைவு, அதனாலதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பினாங்கு மலையே 833 மீட்டர்தான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. டர்போ உள்ள வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இவ்வளவும் பட்டறை விஷயம். மேட்டில் பவர் போன அந்த நொடிதான் எனக்குக் கவலை. நியூட்ரல் போடாதீர்கள், கிளட்சை மிதித்து வண்டியை உருள விடாதீர்கள். வண்டியைத் திருப்பவும் பார்க்காதீர்கள், குறுக்காக நின்றால் கவிழ்ந்துவிடும். எஞ்சின் நின்றுபோனால் பிரேக்கின் பலம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை எழுப்பி, 4எல்லிலேயே ரிவர்ஸ் கியர் போட்டு, ஏறி வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள். வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

மேட்டுக்கு முன்பே பின்தட்டில் இருப்பவர்களை இறக்கி, பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள். வண்டி நின்றதும் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்துக்கு ஓடிவரும் பழக்கம் நம் தோட்டங்களில் இருக்கிறது. அந்தத் தம்பி நல்ல மனசோடுதான் வருகிறான். வரவேண்டாம் என்று ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.