‘பெல்லிஸீமோ’ என்று நீட்டாதீர்கள்

இந்த மாதமும் வாய்மொழிப் பயிற்சித் தேர்வில் ஒரு மாணவி ‘பெல்லிஸ்ஸிமொ’ (மிக மிக அழகான) என்ற இத்தாலியச் சொல்லை ‘பெல்லிஸீமோ’ என்று நீட்டினார். கேட்டால், “இத்தாலியத்துல அழுத்தம் எப்பவும் கடைசிக்கு முந்தின அசையிலதானே மேடம்?” என்கிறார்.

இல்லை. பெரும்பாலான சொற்களில் அப்படி வருகிறது, அவ்வளவுதான். அதை யாரோ விதியாக்கிவிட்டார்கள், எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். ‘மிக மிக’ என்று பொருள்தரும் ‘இஸ்ஸிமொ’ ஈறு எந்தப் பெயரடையில் சேர்ந்தாலும் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில்தான். பெல்-லிஸ்-ஸி-மொ: அழுத்தம் ‘லிஸ்’ மேல். பெண்பாலில் பெல்லிஸ்ஸிமா, பன்மையில் பெல்லிஸ்ஸிமி, பெல்லிஸ்ஸிமெ. எதிலும் அது நகராது. ஒத்திமொ (மிக நல்ல), பெஸ்ஸிமொ (மிக மோசமான), மஸ்ஸிமொ (மிகப் பெரிய), மீனிமொ (மிகச் சிறிய) ஆகியவற்றிலும் கடைசியிலிருந்து மூன்றாவதுதான்.

மூலச்சொல்லின் அழுத்தத்தையும் பிடித்துத் தொங்காதீர்கள். ஜோ-வ-னெ (இளைய) என்பதில் முதலசை அழுந்தும். ஜொ-வ-னிஸ்-ஸி-மொ ஆனதும் அழுத்தம் ‘னிஸ்’ஸுக்குத் தாவும், ‘ஜோ’ குறுகிவிடும். எழுத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கஃப்பே போலக் கடைசி உயிர் அழுந்தும் சொற்களுக்குத்தான் எழுத்தின்மேல் அழுத்தக் குறி கட்டாயம்.

அசை பிரிப்பதிலும் இதே அலட்சியம். இரட்டை மெய்யை நடுவில் வெட்ட வேண்டும்: ஒரு ஸ் முன்னசைக்கு, ஒன்று பின்னசைக்கு. ஸ்-க்குப் பின் வேறு மெய் வந்தாலோ அது பின்னசையோடு போய்விடும். த்ரிஸ்தெ (சோகமான) என்பதிலிருந்து வரும் த்ரி-ஸ்திஸ்-ஸி-மொ சொல்லில் இரண்டையும் பார்க்கலாம். வரி முடிவில் ‘த்ரிஸ்-’ என்று உடைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். யாப்பு படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நமக்கு ‘ஸிமொ’ ஒரே நிரையசை, அங்கே அது இரண்டு அசை.

கனிக்கும் கன்னிக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் நாம். நோனொ என்றால் ஒன்பதாவது, நொன்னொ என்றால் தாத்தா. பிறகு ஏன் ‘ஸ்ஸி’யில் ஒரு ஸ்-ஐ விழுங்குகிறீர்கள்? தமிழில் குறிப்பெடுத்தால் ‘ஸ்ஸி’ என்றே எழுதுங்கள். ‘லிஸ்’ஸில் கை தட்டி, ஸ்-இல் ஒரு கணம் நின்று, பிறகு ‘ஸி’ சொல்லுங்கள். அங்கே நீள்வது ஸ்தான், இகரம் அல்ல. கடைசி ஒகரமும் குறில்தான். தமிழ்ச் சொல்லிறுதியில் அது நமக்குப் பழக்கமில்லை, புரிகிறது. தயவுசெய்து பழகிக்கொள்ளுங்கள், இத்தாலிக்குப் படிக்கக் கிளம்புகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே.